விதியா? விளைவா?

ஓர் ஓடம், அதன் விளிம்பிலே ஒரு மூதாட்டி, அவள் கைகளிலே ஒரு சிறுவன். சுற்றிலும் கடல், கடலை மறைத்து நிற்கும் போர்க்கலங்கள், அம்பு மழை, அலறல். சிறுவனுக்கு வயது ஆறு. அந்நாட்டார் அந்நாளில் எண்ணிய முறைப்படி எட்டு. ஆனால் அவன் வெறும் சிறுவனல்லன். ஜப்பான் நாட்டின் பேரரசன்! எங்கே அழைத்துப் போகிறாய் என்று பாட்டியைக் கேட்கிறான். முற்பிறவியிலே செய்த நல்வினையால் மணிமுடி கிடைத்ததென்றும், அந்த நல்வினையின் பயன் இன்றோடு தீர்ந்துவிட்டதென்றும் பாட்டி விளக்கம் கூறுகிறாள். கிழக்கு நோக்கித் தொழச் சொல்கிறாள். மேற்கு நோக்கித் தொழச் சொல்கிறாள். பிறகு, அவனை அணைத்தபடியே அலைகடலில் பாய்கிறாள்.

1185-ஆம் ஆண்டு, தான்-நோ-ஊரா என்னும் நீரிணையில் நடந்த போரை 'ஹெய்கே குலத்தின் கதை' என்ற ஜப்பானியக் காவியம் இப்படித்தான் தீட்டிக் காட்டுகிறது. அந்தச் சிறுவன் அந்தோக்கு. மூதாட்டி, ஒரு காலத்தில் ஜப்பானையே ஆட்டிப்படைத்த கியோமோரியின் மனைவி.

படிப்பவர் கண் கலங்கும். நமக்கும் கலங்கிற்று. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஒரு கேள்வி எழுகிறது, எழத்தான் வேண்டும். அந்தக் குழந்தையைக் கொன்றது யார்? முற்பிறவி வினையா? அல்லது, இந்தப் பிறவியிலே, இந்த மண்ணிலே, கண்ணெதிரே மனிதர்கள் செய்த செயல்களின் விளைவா? பாட்டி தந்த விடை குழந்தைக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். நமக்குப் போதுமா?

இந்தக் கேள்வியோடு இரண்டு ஏடுகளை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே படித்தோம். மூலமொழியின் ஓசையின்பம் நமக்குக் கிட்டவில்லை என்பதை முன்னதாகவே ஒப்புக்கொள்கிறோம். ஓசை கிட்டாவிட்டாலும், உள்ளத்தோடு பேசிய பொருள் கிட்டிற்று.

முதல் ஏடு, மேலே சொன்ன ஹெய்கே கதை. இது ஒரு புலவன் தனியறையில் அமர்ந்து எழுதியதன்று. பீவா என்னும் நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற கண்ணிழந்த பாடகர்கள், தலைமுறை தலைமுறையாகப் பாடி வளர்த்த கதை. அவர்களுள் தலைசிறந்த ககூயிச்சி என்பார், தம் சீடர்கள் பாடம் மாறிப் பாடாதிருக்கும் பொருட்டு, 1371-ஆம் ஆண்டு அதனைச் சொல்லி எழுதச் செய்தார். அதே ஆண்டில் மறைந்தார்.

இரண்டாவது ஏடு, இப்னு கல்தூன் என்ற அரபுப் பேரறிஞர் எழுதிய 'முகத்திமா'. முன்னுரை என்பது அதன் பொருள். ஒரு பெரிய வரலாற்று நூலுக்கு முன்னுரையாகத் தொடங்கி, அந்த வரலாற்றையே மறைக்கும் அளவுக்கு ஓங்கி நிற்கும் மலை! இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கி இருந்து, 1377-ஆம் ஆண்டு, ஐந்தே திங்களில் அதனை முடித்தார் அவர்.

1371, 1377. இடையே ஆறே ஆண்டுகள்! ஒருவர் பெயரை மற்றவர் கேட்டதில்லை. ஆசியாவின் கீழ்க்கோடியில் ஒருவர். ஆப்பிரிக்காவின் வடபுறத்தில் ஒருவர். ஒருவர் கண்ணற்றவர், மற்றவர் அரசவைகளின் உள்ளறைகளையெல்லாம் கண்டவர். இருவரும் ஒரே பொருளைத்தான் பேசினர்: ஏன் ஆட்சிகள் எழுகின்றன? ஏன் ஆட்சிகள் வீழ்கின்றன?

ஹெய்கே கதை ஒரு மணியோசையோடு தொடங்குகிறது. நமது கோசல நாட்டுச் சிராவத்தியில் புத்தர் தங்கியிருந்த ஜேதவன விகாரையின் மணி அது. நிலையாமையை அந்த மணி முழங்குகிறது என்கிறது கதை. தொடக்கத்தில் ஒலித்த அந்த மணி, நூலின் இறுதிவரை ஓயவில்லை. வென்றவன் தோற்பான், செருக்கியவன் சாய்வான், மலர்ந்தது உதிரும் — இதுவே அதன் சுதி.

சுதி சோகமானது. ஆனால் அந்தச் சுதியில் பாடப்படும் பாட்டு மிகப் பெரியது. தலைநகரை விட்டு ஓடும் நேரத்திலும் திரும்பி வந்து தன் கவிதைச் சுவடியை ஆசிரியரிடம் ஒப்படைத்துச் செல்லும் போர்வீரன். தன் மகன் வயதுடைய இளைஞனின் தலையைக் கொய்ய நேர்ந்து, அவன் இடுப்பிலே புல்லாங்குழலைக் கண்டு கதறும் எதிரி. இவர்களைப் படைத்த பாடகர்களைக் கலையறியாதவர் என்று எவரும் கூற முடியாது. வென்ற கட்சியின் பெருமையைப் பாடாமல், தோற்ற கட்சியின் துயரத்தைப் பாடினார்களே, அந்தப் பெருந்தன்மைக்கே தலை வணங்கலாம்.

ஆனால், 'ஏன்?' என்று கேட்டால் மணி மட்டுமே ஒலிக்கிறது. விதி, வினை, நிலையாமை. இந்த மூன்று சொற்களால் எந்த ஆட்சியின் வீழ்ச்சியையும் விளக்கிவிடலாம். எல்லாவற்றையும் விளக்கும் சொல், எதையும் விளக்காத சொல்லன்றோ?

இனி இப்னு கல்தூனிடம் வருவோம். 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்தவர். பதினேழு வயதுக்குள் கொள்ளை நோய்க்குப் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் பறிகொடுத்தவர். அரசவை எழுத்தராய், அமைச்சராய், தூதராய்ப் பல மன்னர்களிடம் பணிபுரிந்தவர். ஃபெஸ் நகரச் சிறையில் இரண்டாண்டுக் காலம் வாடியவர். எகிப்துக்குக் குடியேறியபோது, பின்னால் வந்த மனைவி மக்களைக் கடல் கொண்டது. முதுமையில், 1401-இல், டமாஸ்கஸ் நகரை முற்றுகையிட்ட தைமூரை நேருக்கு நேர் கண்டு உரையாடியவர். நிலையாமையைப் பாடுவதற்கு இவரைவிடத் தகுதி உடையவர் எவர்? துன்பம் அவரைத் துரத்தித் துரத்தி அடித்தது. ஆயினும் அவர் மணியடிக்கவில்லை; கணக்குப் பார்த்தார்!

ஆம், கணக்கு. மோசே நடத்திச் சென்ற படையில் ஆறு இலட்சம் வீரர் இருந்தனர் என்று முன்னோர் எழுதி வைத்ததை எடுத்துக்கொள்கிறார். இத்தனை பேரை எந்தக் களத்தில் அணிவகுக்க முடியும்? ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும்? எகிப்துக்குள் நுழைந்தவர்கள் ஏறத்தாழ எழுபது பேர். நான்கு தலைமுறையில் இத்தனை இலட்சமாகப் பெருகுவது எங்ஙனம்? அடுக்கடுக்காகக் கேட்கிறார். எழுதியவர் பெரியவர் என்பதற்காக எழுதியதெல்லாம் உண்மையாகிவிடாது. சமுதாயத்தின் இயல்புக்கு அது பொருந்துகிறதா என்று உரசிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அந்த உரைகல்லை ஹெய்கே கதையின் பக்கமும் நீட்டலாம். அதில் வரும் படைகளும் இலட்சக்கணக்கில் எண்ணப்படுபவைதாமே!

ஆட்சி எழுவதற்கு அவர் கண்ட காரணம், 'அஸபிய்யா'. கூட்டுணர்வு என்று நாம் சொல்லலாம். எல்லைப்புறத்தில், வறண்ட நிலத்தில், ஒருவர் துணையின்றி மற்றவர் வாழ முடியாத வாழ்விலே அது முறுக்கேறுகிறது. அந்த முறுக்கோடு வந்து நகரத்தை வெல்கிறார்கள். நகரத்தின் இன்பம் முறுக்கைத் தளர்த்துகிறது. தோழர்களாக இருந்தவர்கள் ஏவலராகிறார்கள், கூலிப்படை வருகிறது, செலவு ஏறுகிறது, வரி ஏறுகிறது. ஆட்சியின் தொடக்கத்திலே சிறிய வரி பெரிய வருவாய் தரும். முடிவிலே பெரிய வரியும் சிறிய வருவாயே தரும் என்று அவர் கூறியதை இன்றைய பொருளியலாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். உழைத்தால் மிஞ்சாது என்றறிந்த குடியானவன் உழைப்பை நிறுத்திக்கொள்கிறான். அவ்வளவுதான்; அரண்மனை ஆட்டம் காண்கிறது.

கொடுங்கோன்மை நாட்டை அழிக்கும் என்பதற்குப் பழைய பாரசீகக் கதை ஒன்றையும் அவர் எடுத்தாள்கிறார். இரண்டு ஆந்தைகள் அலறுகின்றன. என்ன பேசுகின்றன என்று அரசன் கேட்கிறான். பெண் ஆந்தை, மணக்கொடையாக இருபது பாழூர் கேட்கிறது. இந்த அரசனின் ஆட்சி நீடித்தால் ஆயிரம் பாழூர் தருகிறேன் என்கிறது ஆண் ஆந்தை — இவ்வாறு விளக்குகிறார் மதகுரு. அரசன் அங்கே விதியை நோகவில்லை. பறித்த நிலத்தை உழவரிடம் திருப்பித் தருகிறான், நாடு தழைக்கிறது. செய்ததை மாற்றினால் விளைவும் மாறும் என்பதன்றோ இதன் பொருள்!

இப்போது, இப்னு கல்தூனின் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு, ஹெய்கே கதைக்குள் மீண்டும் நுழைவோம். அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது.

ஒரு குடும்பத்தின் பெருமை நான்கு தலைமுறைக்குமேல் நிலைப்பதரிது என்கிறார் அரபு அறிஞர். முதல்வன், கட்டுபவன், பட்ட பாடு தெரிந்தவன். இரண்டாமவன், தந்தையின் பாட்டை அருகிருந்து கண்டவன். மூன்றாமவன், மரபைப் பார்த்து நடிப்பவன். நான்காமவன், பெருமை பிறப்பிலேயே வந்ததென்று நம்பி எல்லாவற்றையும் இழப்பவன்.

ஹெய்கே குலத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் ததாமோரி. மேலைக் கடலின் கொள்ளையரை அடக்கிப் பொருளும் புகழும் சேர்த்தவர். அரண்மனைக்குள் அவர் அடியெடுத்து வைத்தபோது, உயர்குடிப் பெருமக்கள் அவருடைய மாறுகண்ணைப் பாட்டிலே வைத்து நையாண்டி செய்தனர், பொறுத்துக்கொண்டு நிலைத்தார். அடுத்தவர் மகன் கியோமோரி. 1167-இல் நாட்டின் முதலமைச்சர் பதவியையே பிடித்தார். மூன்றாவது, அவர் மகன் ஷிகெமோரி. பண்பாளர், நீதி பேசுபவர், முற்றிலும் அரண்மனை மனிதர். நான்காவது, பேரன் கொரெமோரி. அழகன், விழாக்களில் ஆடிய ஆட்டத்துக்காகப் புகழப்பட்டவன்.

1180-இல், கிழக்கே மினமோட்டோ குலத்து யொரிதோமோ படை திரட்டியபோது, அவனை அடக்க அனுப்பப்பட்ட தளபதி யார்? ஆடலழகன் கொரெமோரி! ஃபூஜி ஆற்றங்கரையில் பாசறை. நள்ளிரவில் நீர்ப்பறவைக் கூட்டமொன்று சிறகடித்து எழுகிறது. அந்த ஓசையைப் பகைவர் படையென்று எண்ணி, ஹெய்கே படை வில்லையும் அம்பையும் போட்டுவிட்டு ஓடுகிறது! பறவைக்கு அஞ்சி ஓடிய படையை விதி துரத்திற்றா? நான்காம் தலைமுறை துரத்திற்றா?

வியப்பு இதோடு நிற்கவில்லை. அந்த ஓட்டத்துக்கு முன்பு, கிழக்கு நாட்டைக் கண்டறிந்த சனெமோரி என்ற முதிய வீரனிடம் பகைவரைப் பற்றிக் கேட்கிறான் கொரெமோரி. கிழக்கத்திய வீரன், தந்தை வீழ்ந்தாலும் மகன் வீழ்ந்தாலும் பிணத்தைத் தாண்டிக் குதிரையைச் செலுத்துவான். மேற்கத்தியவனோ, தந்தை மாண்டால் சடங்கு முடியும்வரை போருக்கு வரமாட்டான், உணவு தீர்ந்தால் அறுவடைவரை காத்திருப்பான் — இப்படிப் பொருள்படக் கூறுகிறான் கிழவன். இது மணியோசையா? இல்லை! இது சமுதாய ஆராய்ச்சி! எல்லைப்புறத்து முறுக்கையும் தலைநகரத்துத் தளர்ச்சியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண் இது. அரபு அறிஞர் நூலாக விரித்ததை, ஜப்பானியப் பாடகன் ஒரு கிழவன் வாயில் நாலு வரியில் வைத்துவிட்டான்.

அதைப்போலவே, கியோமோரி தலைநகரெங்கும் உலவவிட்ட முந்நூறு ஒற்றர் சிறுவர்களை எண்ணுங்கள். ஹெய்கே குலத்தைப் பற்றி எவனாவது குறை பேசினால், அவன் வீடு சூறையாடப்படும். அவன் இழுத்துச் செல்லப்படுவான். அறுபத்தாறு மாகாணங்களுள் முப்பதுக்கு மேற்பட்டவை ஒரே குலத்தின் கையில். அந்தக் குலத்தில் பிறவாதவர் மனிதரே அல்லர் என்று பேசும் செருக்கு. சாகும்போதும் கியோமோரி கேட்டது பிரார்த்தனையன்று. பகைவன் யொரிதோமோவின் தலையைத் தன் கல்லறைமுன் தொங்கவிட வேண்டும் என்பதே. இத்தனையையும் பாடகர்கள் மறைக்காமல் பாடினர். ஆக, காரணங்கள் கதைக்குள்ளேயே கிடக்கின்றன; அவற்றின்மீது ஊழ் என்ற போர்வை போர்த்தப்பட்டிருக்கிறது. போர்வையை விலக்கிப் படிப்பதுதான் பகுத்தறிவுத் திறனாய்வின் வேலை.

இதே காலத்தைக் கண்ணால் கண்ட மற்றொருவர் காமோ நோ சோமெய். 1212-இல் எழுதிய 'ஹோஜோகி' என்ற சிற்றேட்டில், 1181, 1182-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை விவரிக்கிறார். தலைநகரம் ஒவ்வொரு பொருளுக்கும் நாட்டுப்புறத்தையே நம்பியிருந்தது. அங்கிருந்து வருவது நின்றதும் நகரத்தின் மானம் கப்பலேறிற்று என்று எழுதுகிறார். எவ்வளவு கூர்மையான பார்வை! இரண்டே திங்களில், தலைநகரின் ஒரு பகுதியில் மட்டும் தெருவில் கிடந்த பிணங்கள் 42,300 என்று ஒரு துறவி நெற்றியில் எழுத்திட்டு எண்ணியதைப் பதிவு செய்கிறார். விறகுக் கட்டுகளிலே செந்நிற மையும் பொன் தகடும் ஒட்டிய துண்டுகள் கிடந்தனவாம். விசாரித்தால், பாழடைந்த கோயில்களில் புகுந்து புத்தர் சிலைகளை உடைத்துக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள்! பசி வந்தபோது சிலையும் விறகாயிற்று. இப்படிப் பார்த்தவர், இப்படி எண்ணியவர், முடிவில் என்ன செய்தார்? பத்தடிக்குப் பத்தடிக் குடிசையொன்றைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். நோயைக் கண்டறிந்த மருத்துவர், மருந்து கொடுக்காமல் துறவு பூண்டதைப்போல!

ஓவியர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்ட சுருளோவியம் ஒன்று, இன்று அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஹெய்கே குலத்தின் உயர்வுக்கு வழி திறந்த 1159-60 கலகத்தில், சான்ஜோ அரண்மனை எரிக்கப்பட்ட இரவை அது காட்டுகிறது. சுருளை விரிக்க விரிக்க, மாட்டுவண்டிகள் முண்டியடித்து ஓடுகின்றன. சக்கரத்தின் கீழ் மனிதர் நசுங்குகின்றனர். தீ கொழுந்துவிட்டு எழுகிறது. தப்பியோடிய பெண்கள் கிணற்றில் விழுந்து, ஒருவர்மேல் ஒருவராக மாய்கின்றனர். அங்கே ஊழ் எங்கும் தீட்டப்படவில்லை. தீ வைத்தவன் கை தெரிகிறது. தீப்பட்டவள் முகம் தெரிகிறது. தூரிகை, சில வேளைகளில், சொல்லைவிட நேர்மையானது!

இன்னொரு சுருளில், ஹெய்கே கதைக்கும் முந்திய நூற்றாண்டில் தொடங்கிய ஒன்றில், தவளையொன்று தாமரை இலைமீது புத்தர் சிலையைப்போல் அமர்ந்திருக்கிறது. குரங்கு ஒன்று குருக்களின் உடை தரித்துப் பூசை செய்கிறது. பக்தி மிகுந்திருந்த நாளிலேயே, பக்தியின் பெயரால் நடப்பதைப் பார்த்துச் சிரிக்கவும் அந்நாட்டில் ஒரு கலைஞன் இருந்தான். அந்தச் சுருளை அழிக்காமல் காத்து வைத்ததும் ஒரு மடாலயமே என்பதை, நியாயம் கருதி, நாம் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் ஹெய்கே கதையை ஒதுக்கிவிடலாமா என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். வினைப்பயன் பேசும் ஏடு நமக்கெதற்கு என்பது அவர்கள் வாதம். நாம் அவ்வாறு கருதவில்லை. இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று: அந்த ஏட்டில் வினைப்பயன் என்பது ஏழையை அடக்கும் சாட்டையாக மட்டும் சுழலவில்லை, ஆண்டவனைக் குற்றம் சாட்டும் விரலாகவும் நீள்கிறது. மன்னனையும் மதிக்காமல் மக்களையும் மதிக்காமல் நடந்த ஒருவனால்தான் இத்தனை அழிவும் வந்தது என்று கதையின் முடிவில் தீர்ப்புக் கூறப்படுகிறது. வாளேந்தியவர்கள் அரசாண்ட காலத்தில், கண்ணற்ற பாடகன் வேறெந்த மொழியில் கொடுங்கோலனைக் குற்றம் சாட்ட முடியும்? ஊழ் என்பது அவனுக்குக் கேடயமாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் அந்தத் தீர்ப்பிலே ஒரு பெருங்குறை உண்டு. தாத்தா செய்ததற்குப் பேரன் மூழ்குகிறான்! இது நீதியா? கியோமோரி தன் மகளை மன்னனுக்கு மணமுடித்து, அவள் பெற்ற பிள்ளையை, இரண்டு வயதும் நிரம்பாத நிலையில், 1180-இல் அரியணையில் ஏற்றினான். குழந்தையின் பெயரால் தான் ஆள்வதற்காக! தான்-நோ-ஊராவில், முந்நூறு கலங்களோடு பகைவர் பக்கம் தாவினான் ஒரு தலைவன். குலத்துக்குத் தலைமை தாங்கிய மகன் முனெமோரியோ, தன் ஆட்களே கடலில் தள்ளிவிட்ட பிறகும் நீந்திக்கொண்டிருந்து உயிரோடு பிடிபட்டான் என்கிறது கதை. அரசனாக்கப்பட்ட குழந்தை மூழ்கிற்று. அதை அரசனாக்கிய குலத்தின் தலைவன் நீந்தினான்! இதற்கு முற்பிறவி எதற்கு? இப்பிறவியே போதுமே!

மற்றொன்று: இப்னு கல்தூனின் கண்ணுக்குப் படாத ஒன்றை அந்தப் பாடகர்கள் கண்டார்கள். பெண்ணைக் கண்டார்கள். கியோ என்ற ஆடல் மகளைக் கியோமோரி விரும்பினான். ஹொதோக்கே என்ற புதியவள் வந்ததும், பழையவளைத் துரத்தினான். துரத்தியதோடு நில்லாமல், புதியவளை மகிழ்விக்க வந்து ஆடுமாறு அழைத்து அவமானப்படுத்தினான். கியோ தன் தாயோடும் தங்கையோடும் தலை மழித்துத் துறவியானாள். ஓரிரவு, அவர்கள் குடிசையின் கதவு தட்டப்படுகிறது. திறந்தால், தலை மழித்து நிற்கிறாள் ஹொதோக்கே! இன்று உனக்கு நேர்ந்தது நாளை எனக்கு என்று உணர்ந்து, செல்வத்தையும் செல்வாக்கையும் உதறிவிட்டு வந்திருக்கிறாள். ஒருத்தியை ஒருத்திக்கு எதிராக நிறுத்திய ஆதிக்கத்தைத் தோற்கடித்து, அந்தப் பெண்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடிவிட்டார்கள். அவர்கள் புகலிடம் தேடியது மதத்திடம் என்பது நமக்கு உடன்பாடன்று. அந்நாளில் வேறு கதவு அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதை மறக்கவும் முடியாது. இந்தக் காட்சிக்கு ஈடான ஒன்று, அரபு அறிஞரின் பேரேட்டில் இல்லவே இல்லை.

அரபு அறிஞரின் குறைகளையும் மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. பகுத்தறிவாளன் தான் மதிக்கும் ஆசிரியனையும் உரைகல்லில் உரசத்தான் வேண்டும். அதை நமக்குக் கற்பித்தவரே அவர்தாமே! பக்தாத் நகரில் ஓங்கியிருந்த பர்மக் குடும்பத்தை 803-இல் ஹாரூன் அல்-ரஷீத் ஒழித்துக் கட்டினார். மன்னரின் தங்கைக்கும் பர்மக் குடும்பத்து ஜாஃபருக்கும் இருந்த காதலே காரணம் என்று வழங்கிய கதையை இப்னு கல்தூன் மறுக்கிறார். அதிகாரத்தையும் வருவாயையும் அந்தக் குடும்பம் தன் கையில் குவித்துக்கொண்டதே உண்மைக் காரணம் என்கிறார். அருமை! ஆனால் காதற்கதையை மறுக்க அவர் முதலில் எடுத்த வாதம் என்ன? இத்துணை உயர்ந்த அரபுக் குலத்துப் பெண், பாரசீக அடியவன் வழிவந்தவனை நாடுவாளா என்பது! காரணம் தேடக் கிளம்பிய பேரறிவு, குலப்பெருமை என்ற கல் தடுக்கி அங்கே விழுந்துவிட்டது.

அவ்வாறே, கறுப்பு நிறம் நோவாவின் சாபத்தால் வந்தது என்ற கட்டுக்கதையை உடைத்து, தட்பவெப்பமே காரணம் என்று எழுதியவர், அடுத்த மூச்சிலே அந்த மக்களின் பண்பைத் தாழ்த்தி எழுதினார். சோதிடத்தை மறுத்தார், இரசவாதத்தை மறுத்தார், சூனியத்தை மட்டும் நம்பினார். மெய்யியலாரையும் சாடினார். இவற்றையெல்லாம் விட ஆழமான குறை ஒன்றுண்டு. அவர் காட்டும் வரலாறு ஒரு சக்கரம். ஒரு குலம் எழும், தளரும், மற்றொரு குலம் வரும். சக்கரத்தைச் சுழற்றுவோர் மாறுகிறார்கள். சக்கரத்தின் கீழ்க் கிடப்போர் மாறவில்லை. வரி கொடுக்கும் உழவன் உழைப்பை நிறுத்திக்கொள்ளலாமே தவிர, ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொள்வான் என்று அவர் கனவிலும் கருதவில்லை. மணியோசைக்கு மாற்றாக அவர் காட்டிய சக்கரமும், ஓரளவில், விதியின் தம்பிதான்!

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. காரணம் தேடும் நெறி ஒருவனோடு முடிவதில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து அடுத்தவன் நடக்கலாம். 1902-இல் கெய்ரோவில் மறைந்த அலெப்போ நகரத்து அல்-கவாகிபி, வல்லாட்சியின் இயல்புகள் பற்றித் தனி நூலே எழுதினார். அரசியல் வல்லாட்சியும் மத வல்லாட்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை எடுத்துக் காட்டினார். வல்லாட்சியாளன் அஞ்சுவது சடங்கு கற்பிக்கும் கல்விக்கன்று, கண்ணைத் திறக்கும் கல்விக்கே என்றார். துருக்கியில் 1924-இல் கலீஃபா பதவி ஒழிக்கப்பட்டதை ஒட்டி, மறு ஆண்டே எகிப்தின் அலி அப்துல் ராஸிக், அந்தப் பதவி மதம் விதித்த கடமையன்று, வலிமையின் மேல் நின்ற அரசியல் என்று நூல் எழுதினார். விளைவு? அல்-அஸ்ஹர் அறிஞர் குழு அவரை அறிஞர் வரிசையிலிருந்தே நீக்கிற்று. நீதிபதிப் பதவியும் போயிற்று. காரணம் கேட்டவனுக்கு அதுதான் பரிசு. ஆயினும் நூல் வாழ்கிறது.

மணியோசையின் வழி என்னவாயிற்று? பூ உதிர்வதிலே அழகு கண்ட மரபை, பிற்கால ஜப்பானியப் படைவெறியர் கைப்பற்றினர். 1944-இல் முதல் தற்கொலை வான்படைப் பிரிவுகளுக்குச் செர்ரி மலரைப் பாடும் பழம்பாட்டிலிருந்து பெயர் சூட்டினர். இளைஞனை உள்ளே அமர்த்தி, கப்பலின்மேல் மோதவிட்ட வெடிவிமானத்துக்குச் செர்ரி மலர் என்றே பெயரிட்டனர்! உதிர்வது இயற்கை, உதிர்வது அழகு என்று கற்பிக்கப்பட்ட இளைஞன், தன்னை உதிர்ப்பது யார் என்று கேட்கவா போகிறான்? பாடகர்கள் இதைக் கருதிப் பாடவில்லை, பழி அவர்களுடையதன்று. ஆனால், காரணத்தைக் கேட்காத கண்ணீர், யார் கைக்கும் எளிதில் கருவியாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, நாம் கூறுவது இதுதான். ஹெய்கே கதையைப் படியுங்கள், கண் கலங்குங்கள், கலங்காத நெஞ்சம் கல்லே. ஆனால் கலங்கிய கண்ணோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். முகத்திமாவைப் படியுங்கள், காரணத்தை எண்ணுங்கள். ஆனால் கணக்கு முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள்; அந்தக் கணக்கிலே சேர்க்கப்படாதவர் யார் யார் என்று தேடுங்கள் — கிணற்றில் விழுந்த பெண்ணை, வரி கொடுத்த உழவனை, நெற்றியில் எழுத்திடப்பட்ட 42,300 பேரை. ஒன்று நமக்கு நெஞ்சைத் தருகிறது. மற்றொன்று கண்ணைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு மனிதன்.

அந்த ஓடத்தின் விளிம்பிலே சிறுவன் கேட்ட கேள்வி இன்னும் காற்றிலே நிற்கிறது. பாட்டியின் விடையை எட்டு நூற்றாண்டுகளாகக் கேட்டாயிற்று. அதனினும் மேலான விடையை அந்தக் குழந்தைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்: "விதி உன்னைக் கொல்லவில்லை, தம்பி, உன்னை அரியணையில் ஏற்றியவர்களின் ஆசை கொன்றது. ஆசைக்குக் காரணம் உண்டு. காரணத்துக்கு மாற்றும் உண்டு!"